ஏழாங்கட்டையில் ஒரு தாழ்ப்பாள்

லீலாவுக்குக் கல்யாணமாகி ஒரு வாரம் முழுதாக முடிவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆனிக் கடைசியில் முகூர்த்தம் வைத்தால் அப்படித்தான். அவளுடைய அம்மா ரத்தினம்மா தாம்பாளத்தில் பழமும் பூவுமாகக் கெர்பாவ் ரோட்டு வீட்டுக்கு வந்து, சம்பந்தி வீட்டாரிடம் நாலு வார்த்தை மரியாதையாகப் பேசிவிட்டு, மகளைக் காத்தோங்குக்குக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடியில் ஒரு கூரையின் கீழ் இருக்கக் கூடாது. ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரை வெயில் தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது.

"சிங்கப்பூர்ல சித்திரைக்கும் மார்கழிக்கும் வெயில்ல என்னம்மா வித்தியாசம்?" என்று லீலா கேட்டுப் பார்த்தாள்.

"வெயில் எப்படி அடிச்சா என்னடி? வழக்கம்னா வழக்கம்தான்."

அத்தோடு பேச்சு முடிந்தது. உண்மையைச் சொன்னால் லீலாவுக்குப் பிரிவு ஒன்றும் பெரிதாக வலிக்கவில்லை. பிரிவதற்கு முதலில் சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா? கெர்பாவ் ரோட்டுக் கடைவீட்டின் மாடி ஒரே நீளக் கூடம். அதைத் துணித் திரைகளால் தடுத்து நாலு குடும்பங்கள் இருந்தன. ரோஜாப்பூ போட்ட ஒரு திரைக்குப் பின்னால் இருந்த கட்டில் இடம்தான் லீலாவுக்கும் அவள் கணவன் தங்கராஜுவுக்கும். ஒரு பக்கத் திரைக்கு அப்பால் அவனுடைய அக்கா பூவம்மா இருமுவாள். மறுபக்கம் இன்னொரு குடித்தனக்காரர் துரைசாமி அண்ணன் குறட்டை விடுவார். அந்தச் சில நாட்களில் கணவனும் மனைவியும் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். "தண்ணி இருக்கு." "ம்." "விளக்கை அணைக்கட்டுமா?" "ம்."

வலித்தது வேறொன்று. காத்தோங்குக்குக் கிளம்பிய அன்று காலை, குழாயடியில் பூவம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க தம்பி கல்யாணமே வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னான். நாங்கதான் இழுத்துட்டு வந்து மணவறையில உட்கார வச்சோம்." திரைக்குப் பின்னால் சேலை மடித்துக்கொண்டிருந்த லீலா அந்த வாக்கியத்தையும் சேலைகளோடு மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனாள். அம்மா வீட்டில் தினமும் ஒரு தடவையாவது அதைப் பிரித்துப் பார்த்தாள். வேண்டாம் என்று சொன்னவனா? என்னையா வேண்டாம் என்றான்? ஆடி முடிந்து அந்தத் திரைக்குப் பின்னால் திரும்பிப் போவதற்குள் இது தெரிந்தாக வேண்டும். தெரியாமல் போய் ஆயுள் முழுக்க 'ம்' கேட்டுக்கொண்டிருக்க அவளால் முடியாது.

எப்படிக் கேட்பது என்பதற்கு அவளிடம் ஒரு யோசனை இருந்தது. அது புத்தகங்களிலிருந்து வந்தது. லீலா மொழிபெயர்ப்பு நாவல் பைத்தியம். ரயில்வண்டி நீளத்துக்குப் பெயர் வைத்துக்கொண்ட மனிதர்களின் கதைகளை நூலகத்திலிருந்து வாங்கி வந்து, அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாமல் படிப்பாள். அந்தக் கதைகளில் இரண்டு பேர் மனம்விட்டுப் பேச வேண்டுமானால் ஏதாவது ஒரு மலைக்குப் போவார்கள். பனி கொட்டும். வழி தவறும். அடிவாரத்தில் ஒரு விடுதி இருக்கும். மெழுகுவத்தியோடு விடுதிக்காரி கதவைத் திறந்து சூடாகச் சூப் கொடுப்பாள். கணப்பு அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடுவார்கள். கல்யாணமான மறுநாள் தங்கராஜுவிடம் அவள் சொன்ன ஒரே நீளமான வாக்கியம்கூட இதுதான்: "பனி பெய்யற ஊர்ல, மலையடிவாரத்துல ஒரு விடுதியில தங்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை." அவன் "ம்" என்றான். துரைசாமி அண்ணன் அந்தப் பக்கமிருந்து தொண்டையைக் கனைத்தார்.

ஆடி பாதி ஓடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிலோன் ரோடு பிள்ளையார் கோயிலில் லீலா பிரகாரம் சுற்றி வரும்போது, தூணருகில் தங்கராஜு நின்றுகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் ஒரு துணிப்பை.

"நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"சாமி கும்பிடத்தான்."

"உங்க வீட்டுப் பக்கம் தேக்காவுல இல்லாத சாமியா?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு ஒரே மூச்சில், "மலைக்குப் போலாமா?" என்றான்.

"எந்த மலை?"

"நமக்கு இருக்கறது ஒண்ணுதானே லா. புக்கித் தீமா."

புக்கித் தீமாவை மலை என்று சொன்னால் மற்ற மலைகள் கோபித்துக்கொள்ளும். ஆனாலும் சிங்கப்பூருக்கு அதுதான் உயரம்.  அம்மாவிடம் என்ன சொல்வது? லீலா வீட்டுக்கு ஓடிப்போய், தோழி ஜோன் வீட்டுக்குப் போய்விட்டு விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள். ஜோனும் தானும் சாப்பிட என்று புளிச்சாதம் வேறு கட்டிக்கொண்டாள். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

பஸ் நிறுத்தத்தில் அவன் துணிப்பையை நீட்டினான். உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கேன்வாஸ் காலணி. "செருப்போட ஏற முடியாது. அளவு தெரியல. குத்துமதிப்பா வாங்கினேன்." போட்டுப் பார்த்தால் இன்னொரு காலும் கூட நுழையும் போலிருந்தது. "மழை பெஞ்சா படகா வச்சுக்கலாம்" என்றாள். அவன் சிரிக்காமல், முனையில் அடைக்கச் செய்தித்தாளைக் கிழித்து உருட்டிக் கொடுத்தான்.

தங்கராஜுவுக்கு மின்சார இலாகாவில் மீட்டர் பார்க்கும் வேலை. வீடு வீடாகப் போய்ப் பெட்டியைப் பார்த்து எண்ணைக் குறித்து வர வேண்டும். பச்சை பஸ் புக்கித் தீமா ரோட்டில் கால்வாயை ஒட்டி ஓடும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த லீலாவின் தோளுக்கு மேலாக அவன் கையை நீட்டி, "அந்தப் பங்களா நாய் கடிக்கும்" என்றான். கொஞ்ச தூரம் போனதும், "இந்த வீட்டு நாய் கடிக்காது. வீட்டுக்காரி கடிப்பா" என்றான். லீலா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். இவனுக்கு விளையாட்டாகப் பேசவும் வருமா?

ஏழாவது மைல் கல்லான ஏழாங்கட்டையில் இறங்கினார்கள். மலைக்குப் போகும் தார்ச்சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஊர்வலம் மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. தோளில் கிட்டார் மாட்டிய பையன்கள், அடுக்குச் சட்டி தூக்கிய குடும்பங்கள், வியர்வையில் சிவந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். இவர்களும் அந்தக் கூட்டத்தோடு ஏறினார்கள். முதல் வளைவு திரும்பியதும் தங்கராஜு சட்டென்று நின்றான். மேலே ஒரு கல்லின்மீது, மனைவி மக்கள் சூழ, வாழைப்பழம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் துரைசாமி அண்ணன். ஆடியும் அதுவுமாகப் புது ஜோடி மலையேறுவது அவர் கண்ணில் பட்டால், சாயங்காலத்துக்குள் சேதி பூவம்மாவின் காதுக்குப் போய்விடும். காத்தோங்குக்கு அது போய்ச் சேர அதற்குமேல் அதிக நேரம் ஆகாது.

"இந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்து இழுத்தான். பக்கத்தில் ஒற்றையடிப் பாதை ஒன்று காட்டுக்குள் இறங்கியது. இருவரும் புதருக்குள் மறைந்தார்கள். கொஞ்சம் நடந்த பிறகுதான் அவன் இன்னும் கையை விடவில்லை என்பது லீலாவுக்கு உறைத்தது. அவளும் அதை ஞாபகப்படுத்தவில்லை.

ஊர்ச்சத்தம் அடங்கிப்போயிற்று. மரங்கள் எங்கே முடிகின்றன என்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. கீழே வெயில் காசு காசாகச் சிதறிக் கிடந்தது. பிரம்புக்கொடியின் முள் லீலாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்ள, தங்கராஜு மண்டியிட்டு ஒவ்வொரு முள்ளாக நூல் பிரியாமல் எடுத்துவிட்டான். நீண்ட இரட்டை வாலை இழுத்துக்கொண்டு ஒரு கரிச்சான் அவர்களுக்கு முன்னால் கிளைக்குக் கிளை பறந்தது, வழி காட்டுவதாக எண்ணமோ என்னவோ. பாதை ஒரு இடத்தில் கல்லுடைக்கும் குழியின் விளிம்பில் கொண்டுபோய் விட்டது. ஞாயிறு என்பதால் இயந்திரங்கள் வாயை மூடிக் கிடந்தன. அறுத்த மலையின் வெள்ளைச் சுவரும், அடியில் பச்சைத் தண்ணீரும். இன்னொரு இடத்தில் பாதையே காணாமல் போயிற்று. லீலாவுக்கு உள்ளுக்குள் குதூகலம். கதையில் வருகிற மாதிரியே வழி தவறிவிட்டது.

கேட்டுவிடலாமா என்று நினைத்தாள். வேண்டாம், உச்சிக்குப் போய்க் கேட்கலாம். உச்சியில் தூரத்து நீர்த்தேக்கமும் நீலமாக ஜோகூர்க் கரையும் தெரிந்தன. ஆனால் அங்கே முப்பது பேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். சரி, இறங்கும்போது கேட்கலாம். சாப்பிட்டுவிட்டு இறங்கலாம் என்று புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்த நிமிடத்தில், ஒரு குரங்கு வெகு நிதானமாக வந்து, இலையோடு எடுத்துக்கொண்டு மரமேறியது.

"ஜோன் வந்துட்டுப் போயிட்டா" என்றாள் லீலா. தங்கராஜு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தான்.

இறங்கும்போதும் ஒதுக்குப்புறப் பாதைதான். அவன் முன்னால் போனான். முகம் பார்க்காமல் முதுகைப் பார்த்துக் கேட்பது சுலபம் என்று தோன்றவே, லீலா மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "உங்க அக்கா ஒரு நாள்..."

தலைக்கு மேலே வானம் பிளந்த மாதிரி இடி. அடுத்த கணம் மழை. பனி மாதிரி மெல்ல இறங்குகிற மழை இல்லை, குடம் குடமாகக் கவிழ்க்கிற மழை. ஓடினார்கள், வழுக்கினார்கள், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேன்வாஸ் காலணி நிஜமாகவே படகாகிவிட்டது. அடிவாரத்துக்கு வந்தபோது பொழுது மங்கிக்கொண்டிருந்தது. சாலையில் கால்வாய் எது, ரோடு எது என்று தெரியாமல் செந்நிறமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு லாரி அநாதையாக நின்றது. கோப்பிக் கடை வாசலில் ஒதுங்கியிருந்த ஒருவர், "பஸ்ஸா? இன்னிக்கு இல்ல லா, நாளைக்குக் காலையில பாருங்க" என்றார்.

லீலாவுக்கு அழுகை முட்டியது. விளக்கு வைக்கிற நேரம். அம்மா வாசலில் நிற்பாள்.

"பயப்படாதே. இங்க ஒரு வீடு தெரியும்" என்றான் தங்கராஜு.

இரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம், மேட்டில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வீடு. கதவைத் தட்டியதும் மெழுகுவத்தியோடு ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். லீலாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படியே அந்த விடுதிக்காரி!

"கரண்டு போயிருச்சு" என்றாள் விடுதிக்காரி. வத்தியைத் தூக்கிப் பிடித்து, "அட, மீட்டர் தம்பி! கரண்டு இல்லாத நேரமாப் பார்த்து மீட்டர் பார்க்க வந்திருக்கியே! என்னங்க, வந்து இந்த அதிசயத்தைப் பாருங்க."

அவள் பெயர் பிலோமினம்மாள். கணவர் அருளானந்தம் கல்லுடைக்கும் இடத்தில் மேஸ்திரி, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே இருந்து காது கொஞ்சம் மந்தம். வீட்டின் பக்கவாட்டில் தனியாக ஒரு அறை இருந்தது. மலை பார்க்க வருகிறவர்கள், பூச்சி பிடிக்க வரும் வெள்ளைக்காரர்கள் யாராவது கேட்டால் தங்கக் கொடுப்பார்கள். இப்போது காலியாக இருந்தது.

"இவ என் மனைவி" என்றான் தங்கராஜு. அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து லீலா அன்றுதான் முதலில் கேட்டாள்.

"அப்போ அறை தயாராத்தானே இருக்கு, புருசன் பெஞ்சாதி தாராளமாத் தங்குங்க" என்ற பிலோமினம்மாள், கால் துடைக்கத் துணி எடுத்துப் போட்டாள். லீலா காலணியைக் கழற்றினாள். வத்தி வெளிச்சம் கீழே இறங்கியது. பிலோமினம்மாளின் பார்வை விரல்களிலேயே நின்றுவிட்டது.

"மெட்டி இன்னும் ஒரு கீறல்கூட விழல. என்னைக்கு மா கல்யாணம்?"

"ஆனியில..." என்று சொன்ன பிறகுதான் லீலா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஆனியில. இப்போ என்ன மாசம்?"

லீலா காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். கூரைமேல் மழைதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏக்கா, நீங்க வேதக்காரங்கதானே?" என்றான் தங்கராஜு மெல்ல.

"வேதக்காரங்கதான். அதுக்கு? மாதா கோயிலுக்குப் போறவளுக்கு ஆடி வராம நேரா ஆவணி வருமா? என் மாமியார் என்னை ஆடி மாசம் பூரா மதுரையில அம்மா வீட்ல விட்டுட்டு இவரைக் கப்பலேத்துனவங்க. நீ வெளியில இவரோட படு தம்பி. புள்ள என்கூடப் படுக்கும்."

"என்ன சொல்றா?" என்றார் அருளானந்தம் காதில் கையை வைத்து.

"ஆடின்னு சொல்றேன்!"

"ஆடியா? ஆமா, ஆடிதான்" என்று அவர் ஒத்துக்கொண்டார்.

ரத்தினம்மாவுக்குச் சேதி சொல்ல வேண்டுமே. காத்தோங் வீட்டுக்குப் பக்கத்தில் அஸ்மத் பாய் கடையில் தொலைபேசி உண்டு. தங்கராஜு எழுந்தான். பிலோமினம்மாள் அவனைக் கையமர்த்தினாள். "நீ பேசினா உன் மாமியார் குரல் இங்கேயே கேட்கும். பொம்பளைக்குப் பொம்பளை நான் பேசிக்கறேன்." எண்ணைக் கேட்டுக்கொண்டு, குடையோடு முனைக்கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது, முகத்தில் வெற்றி தெரிந்தது.

"உங்கம்மா லேசுல நம்பல. ஜோன் யாரு, ஜோன் வீடு ஏழாங்கட்டையிலயா இருக்குன்னு கேட்டாங்க. அப்புறம், 'நீங்க என் பொண்ணுக்குப் பக்கத்துல படுப்பீங்களா, எதிர்ல படுப்பீங்களா?'ன்னாங்க. பக்கத்துலதாம்மா, குறுக்கால வேணும்னாலும் படுக்கறேன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான், புள்ள சாப்பிட்டாளான்னு கேட்டாங்க."

சூப் இல்லை, சூடாக ரசமும் சார்டின் குழம்பும் இருந்தன. கணப்பு அடுப்பு இல்லை, விறகடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து லீலா தலை துவட்டினாள். சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரர்கள் இருவரும் ஜெபமாலை சொன்னார்கள். அருளானந்தம் ஒரு வரி பின்தங்கியே சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் முன்வாசலில் தங்கராஜு கால் நீட்டி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவன் உள்ளே பார்க்கவில்லை. அவன் பார்க்கவில்லை என்பதை லீலா அடிக்கடி பார்த்துக்கொண்டாள். பிறகு பிலோமினம்மாள் அவளைப் பக்கவாட்டு அறைக்குக் கூட்டிப்போய், பாய் விரித்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கனத்த இரும்புத் தாழ்ப்பாள். 'டக்' என்று விழுந்தது.

விடியும் நேரத்தில் பிலோமினம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் கிளம்பினாள். மழை விட்டிருந்தது. "உள்ள தாழ் போட்டுக்கோ மா. குரங்கு கதவைத் தள்ளிட்டு வந்துரும்."

லீலா தாழ் போட்டாள். போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். காத்தோங்கில் தங்கைகளோடு ஒரே அறை, கெர்பாவ் ரோட்டில் ரோஜாப்பூத் திரை. தாழ் போட்ட ஒரு அறைக்குள் தான் மட்டும் நிற்பது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது. ஜன்னலுக்கு வெளியே மலை, ஈரம் சொட்டச் சொட்ட, பக்கத்தில் வந்து நின்றது.

பலகைச் சுவரில் யாரோ மெல்லத் தட்டினார்கள்.

"லீலா."

"ம்" என்றாள். இப்போது அவள் முறை.

"நேத்து ஏதோ கேட்க வந்தே. அக்கான்னு ஆரம்பிச்சே. இடி இடிச்சிருச்சு."

சுவரிலே பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி. அதில் அவனுடைய சட்டையின் வெள்ளை மட்டும் தெரிந்தது. முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

"நீங்க என்னை வேணாம்னு சொன்னீங்களாமே. ஒத்தக் கால்ல நின்னீங்களாம். அக்கா குழாயடியில சொன்னாங்க."

 ஒரு குரங்கு தகரக் கூரையில் தடதடவென்று ஓடியது.

"நின்னேன்" என்றான் அவன்.

லீலா நெற்றியைப் பலகையில் சாய்த்துக்கொண்டாள்.

"உன்னை வேணாம்னு நான் எங்க சொன்னேன்? உன்னை அப்போ பார்த்ததுகூட இல்லையே. கதவு இல்லாம கல்யாணம் வேணாம்னேன்."

"கதவா?"

"கதவுதான். அந்தத் திரைக்குப் பின்னால ஒரு பொண்ணைக் கொண்டு வந்து என்னத்தைப் பேசறது? நான் வாயைத் திறந்தா துரைசாமி அண்ணன் கனைக்கறார். அடுக்குமாடி வீட்டுக்குப் பேர் பதிஞ்சிருக்கேன், அது வரட்டும்னேன். 'ஏண்டா, ஊர்ல எல்லாரும் கதவைச் சாத்திட்டா குடும்பம் நடத்தறான்?'னு அக்கா சிரிச்சாங்க."

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

 பஸ்ஸில் நாய்களைப் பற்றிச் சொன்ன அதே குரல், ஆனால் இன்னும் தணிவாக. "பொண்ணு பார்க்க வந்தோம்ல. கூடம் பூரா ஆளு. உன்னைப் பத்தித்தான் ஆளாளுக்குப் பேசறாங்க. நீ பலகாரத் தட்டை வச்சுட்டு உள்ள போனே. போற வழியில ஜன்னல்ல கவுத்து வச்சிருந்த புத்தகத்தைக் கையோட எடுத்துட்டுப் போனே. நான் உட்கார்ந்த இடத்துல இருந்து தெரிஞ்சுச்சு. அரிசி மூட்டை மேல உட்கார்ந்து படிச்சே. உங்கம்மா கூப்பிடறாங்க, உனக்குக் காது கேக்கல. இந்தப் பொண்ணு கதவைக் கையிலேயே வச்சிருக்குன்னு நினைச்சேன். அங்கிருந்து வரும்போதே அக்காகிட்ட சரின்னுட்டேன். அதை மட்டும் அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க."

லீலாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒரே சமயத்தில் வந்தன. எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் இரண்டையும் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணு" என்றான். "நேத்து மழை வரலைன்னாலும் உன்னை இங்க கூட்டிட்டு வர்றதாத்தான் இருந்தேன். போன வருஷம் மீட்டர் பார்க்க வந்தப்பவே இந்த அறையைப் பார்த்து வச்சேன். மாச வாடகைக்கும் கொடுப்பாங்க. நீ சொன்னியே, மலையடிவாரத்துல ஒரு விடுதின்னு. எனக்குத் தெரிஞ்சது இதுதான். அடுக்குமாடி வீடு வர்ற வரைக்கும் இருக்கலாம். குரங்குத் தொல்லை இருக்கு. காய்கறி வாங்கப் பாசார் தூரம். அக்கா ஒரு மாசம் என்கூடப் பேச மாட்டாங்க. அப்புறம், பனி பெய்யாது."

அப்படியானால் அந்த 'ம்' வெறும் 'ம்' இல்லை. அவள் சொன்னதை அவன் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான், பனிவரைக்கும்.

"இதுக்கு நீ இப்பவே பதில் சொல்லணும்னு இல்ல" என்றது சுவர்.

லீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். தங்கராஜு சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து படியில் நின்றான். கசங்கிய சட்டை, தலையெல்லாம் கலைந்து, இரவெல்லாம் அருளானந்தத்தின் பக்கத்தில் தூங்காமல் கிடந்த முகம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில், யாரும் இல்லாமல்.

"ஆடி!" என்று ஒரு குரல் கேட்டது. இரண்டு கையிலும் வாளியோடு பிலோமினம்மாள் மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தாள். கிட்டே வந்து, இருவரின் கால்களையும் உற்றுப் பார்த்தாள். அவன் படிக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். "சரி, நில்லுங்க. வாசப்படி நடுவுல இருக்கு."

"அக்கா" என்றாள் லீலா.  "ஆவணி பொறந்ததும் இந்த அறைக்கு யாராவது வர்றாங்களா?"

பிலோமினம்மாள் வாளிகளைக் கீழே வைத்தாள். 

"யாரு வர்றா?" என்றாள் அவள், இருவரையும் மாறி மாறிப் பார்த்து.

"நாங்க" என்றாள் லீலா.

"அதானே பார்த்தேன். மீட்டரைப் பார்க்க வர்றவன் ஒவ்வொரு தடவையும் அறைக் கதவைப் பார்த்துட்டுப் போனா எனக்குத் தெரியாதா?" பிலோமினம்மாள் வாளிகளைத் தூக்கிக்கொண்டாள். "ரெண்டு பேரும் கொஞ்ச தூரம் மேல நடந்துட்டு வாங்க. இந்த நேரத்துல பாதையில ஈ காக்கா இருக்காது. அதுக்குள்ள பசியாறப் பண்ணி வைக்கறேன். முதல் பஸ்ஸைப் பிடிச்சு வேலைக்குப் போ தம்பி. புள்ளையை நானே காத்தோங்குல கொண்டு போய் விடறேன், உன் மாமியாரை எனக்கும் பார்க்கணும்."

தங்கராஜு படியிலிருந்து இறங்கி, ஈரமாகக் கிடந்த கேன்வாஸ் காலணியை எடுத்து, முனையிலிருந்த நைந்த தாளை உருவிவிட்டுப் புதுத் தாள் உருட்டி அடைத்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் இருங்க" என்று லீலா அறைக்குள் போனாள். கதவைச் சாத்தித் தாழை இழுத்துவிட்டாள். டக்.

"தாழ் நல்லா விழுதா?" என்று வெளியிலிருந்து கேட்டான்.

"விழுது. எடுக்கத்தான் கொஞ்சம் இறுக்கமா இருக்கு."

"எண்ணெய் விட்டாச் சரியாப் போயிரும்."

"இருக்கட்டும்" என்றாள் லீலா. தாழின்மேல் வைத்த கையை உடனே எடுக்கவில்லை. வெளியே அவன், காலணியைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் காத்திருந்தான்.